முதுகுப்பையை இறக்கி வைக்க ஓர் ஊர்: சுக்ரே

லீமாவில் தொடங்கிப் புவனோஸ் ஐரெஸில் முடியும் ஐந்து மாதப் பயணத்தின் நடுவே, ஒரு மாதம் எங்கும் நகராமல் ஒரே ஊரில் தங்க விரும்புவதாகவும், அதற்கு எந்த ஊர் பொருத்தம், அங்கே பொழுது எப்படிப் போகும், சைவம் உண்பவருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொலிவியாவின் சுக்ரே நகரத்தையே நான் சொல்வேன். முதுகுப்பையுடன் தென்னமெரிக்காவில் திரிபவர்களில் பலர் இரண்டு நாள் இருக்கலாம் என்று வந்து, சில வாரங்கள் கழித்துப் புறப்படும் ஊர் அது. அப்படி நேர்வதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

நீண்ட நாள் தங்கப்போகும் ஊரை, அங்குள்ள காட்சிகளை எண்ணித் தேர்ந்தெடுப்பது சரிவராது என்பது என் கருத்து. பெருவின் குஸ்கோவில் தங்கினால் மச்சு பிச்சு, புனிதப் பள்ளத்தாக்கு, வானவில் மலை என்று தினமும் யாராவது உங்களைச் சுற்றுலா வண்டியில் ஏற்றப் பார்ப்பார்கள். ஓய்வெடுக்க வந்தவருக்கும் எதையோ தவறவிடுகிறோம் என்ற உறுத்தல் தீராது. சுக்ரேயில் பார்க்க வேண்டியவை நான்கைந்து நாளில் முடிந்துவிடும். அதன்பின் ஊர்க்காரர்களைப் போல நாளைக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நன்றாக உறக்கம் வரும் உயரம், நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவு, மாணவர்களுக்குக் கட்டுபடியாகும் விலை, காலையில் எழுந்து போவதற்கு ஒரு வேலை ஆகியவை அந்த ஊரில் ஒருசேர அமைந்திருப்பதால், அப்படிக் கழிப்பது எளிதாகவும் இருக்கிறது.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஆண்டிஸ் மலைநாட்டில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமைகின்றன. பொலிவியாவின் மற்ற ஊர்களில், லா பாஸ் நகரத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்திலும், பொத்தோசி 4,000 மீட்டரை ஒட்டியும், உயுனி 3,650 மீட்டர் அளவிலும் உள்ளன. அங்கெல்லாம் பழகிய பிறகும் நடுஇரவில் மூச்சுக்காக விழிப்பது, பசி மந்தமாவது, மாடிப்படியில் பாதியில் நிற்பது ஆகியவை சிலருக்கு நீடிக்கும். சுக்ரே ஏறத்தாழ 2,800 மீட்டரில் இருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் உடல் தேறிவிடுகிறது. பகல் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கோடையென்று வியர்ப்பதுமில்லை, கொசுத் தொல்லையும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் மெல்லிய காற்றின் வழியாக இறங்கும் வெயில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், குளிர்கிறதே என்று தொப்பியில்லாமல் நடக்க வேண்டாம்.

ஊரின் அமைதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்பானியர்கள் 1538இல் லா பிளாத்தா என்ற பெயரில் நிறுவிய இந்நகரம், அருகிலிருந்த பொத்தோசியின் வெள்ளிச் சுரங்கங்களின் செல்வத்தால் வளர்ந்தது. சார்க்காஸ் உயர்நீதிமன்றம் இங்கே அமைந்தது. சான் பிரான்சிஸ்கோ சேவியர் பல்கலைக்கழகம் 1624இல் தொடங்கியது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான எழுச்சி 1809 மே 25 அன்று இங்கே வெடித்தது. 1825 ஆகஸ்ட் 6 அன்று பொலிவியாவின் விடுதலைச் சாசனமும் இங்கேயே கையெழுத்தானது. பின்னர் வெள்ளி சரிந்து வெள்ளீயம் ஏறியபோது அதிகாரமும் வடக்கே நகர்ந்தது. 1898-99 உள்நாட்டுப் போரில் லா பாஸ் தரப்பு வென்று, அரசாங்கத்தையும் நாடாளுமன்றத்தையும் எடுத்துக்கொண்டது. அரசியலமைப்பின்படி சுக்ரேதான் இன்றும் தலைநகரம். ஆனால் உச்சநீதிமன்றமும் பல்கலைக்கழகமும் பழைய மாளிகைகளும்தான் அதனிடம் எஞ்சின. தலைநகருக்காகக் கட்டிய தெருக்களில் ஒரு மாவட்டத் தலைநகரின் போக்குவரத்து மட்டுமே ஓடுவதால்தான் அங்கே மாலையில் நிதானமாக நடக்க முடிகிறது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட அந்தப் பழைய நகரப்பகுதியை யுனெஸ்கோ 1991இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு எச்சரிக்கை: தலைநகரம் எது என்ற பேச்சை அங்கே வேடிக்கையாக எடுக்காதீர்கள். 2007இல் அரசியல் நிர்ணய சபை அந்த ஊரில் கூடியபோது இதே கோரிக்கையை ஒட்டிய மோதலில் மூவர் உயிரிழந்தனர். அந்தக் காயம் ஆறிவிடவில்லை.

நகரத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வாழ்கின்றனர். அவர்களில் வெளியூர்களிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் கணிசமானவர்கள். அறை வாடகை, தெருமுனைச் சாப்பாட்டுக்கடை, ஒளிநகல் கடை, சலவைக்கடை என்று எல்லாவற்றின் விலையையும் அவர்களின் கைச்செலவுதான் தீர்மானிக்கிறது. ஆகவே முதல் சில இரவுகளை மட்டும் விடுதியில் கழித்துவிட்டு, மாத வாடகைக்கு ஓர் அறை தேடுவதே நல்லது. வெளிநாட்டிலிருந்தே இணையத்தில் ஒரு மாதத்துக்கு முன்பதிவு செய்தால் கூடுதல் பணமும் போகும், அறையின் குளிரும் தெரியாது. அறை வாடகைக்கு உண்டு என்னும் தாள்களைப் பல்கலைக்கழகக் கட்டடங்களைச் சுற்றியுள்ள சுவர்களிலும் மொழிப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் காணலாம். அவற்றுள் 'அன்டிக்ரெத்திக்கோ' என்று எழுதியிருப்பவற்றை விட்டுவிடுங்கள். அது பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ஓரிரு ஆண்டுகள் வாடகையின்றி இருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறும் முறை. நம் ஊரில் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான் அது.

அறையைப் பார்க்கும்போது ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனியுங்கள். தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், வடக்கு பார்த்த ஜன்னலே வெயில் தரும். வீடுகளில் வெப்பமூட்டும் வசதி பொதுவாக இல்லை. தடித்த மண்சுவரும் கல் தரையும் கொண்ட பழைய வீடுகளில் ஜூன், ஜூலை மாத இரவுகளில் வெளியைவிட உள்ளே குளிர்வதுபோல் தோன்றும். கம்பளி எத்தனை தருவார்கள் என்று கேட்பதில் வெட்கமில்லை. குளியலறையில் பெரும்பாலும் குழாயின் தலையிலேயே மின்சாரத்தால் சூடேற்றும் பொறி இருக்கும். தண்ணீரை எவ்வளவு மெல்லத் திறக்கிறீர்களோ அவ்வளவு சூடாக வரும். நம் செல்பேசி மின்னேற்றியின் இரண்டு உருண்டை முனைகளும் அங்குள்ள மின்துளைகளில் பொருந்தும். மின்னழுத்தமும் இந்தியாவில் உள்ளதைப் போன்றதே. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, சமையலறையைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனிப் பொழுது போவது பற்றி. வேலை எதுவும் இல்லாத ஒரு மாதம் எந்த அழகிய ஊரிலும் இரண்டாம் வாரத்தில் கனக்கத் தொடங்கும். சுக்ரேயில் அதற்கு எளிய மருந்து ஸ்பானிய வகுப்பு. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்ற முறையில் நடக்கும் வகுப்புகளுக்கு இக்கண்டத்திலேயே மிகக் குறைந்த கட்டணம் வாங்கும் இடங்களில் சுக்ரே ஒன்று. விலையைவிட முக்கியமாக, பொலிவிய மலைநாட்டவரின் பேச்சு நிதானமானது. சொல்லின் இறுதி எழுத்தை விழுங்காமல் பேசுவார்கள். சிலேயிலும் கரீபியக் கரைகளிலும் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலி காற்றோடு போய்விடுவதால், புதிதாகக் கற்பவர் ஒருமையா பன்மையா என்றே திகைப்பார். சுக்ரேயில் முதல் வாரத்திலேயே காய்கறிக்காரம்மா சொல்லும் விலை காதில் விழும். காலையில் இரண்டு மணி நேரம் போதும். நான்கு மணி நேரத்துக்குப் பணம் கட்டியவர்கள் பலர் மூன்றாம் நாளே சோர்ந்து போகிறார்கள். வகுப்பில் படித்ததைச் சந்தையில் பயன்படுத்தாவிட்டால் அது நிற்காது என்பதால், மிச்ச நேரத்தை வெளியே விடுங்கள். ஆர்வமிருந்தால் கெச்சுவா மொழிக்கும் ஆசிரியர் கிடைப்பார்; சந்தைக்கு வரும் பெண்களில் பலரின் தாய்மொழி அதுதான்.

வகுப்பு முடிந்து பத்தரை, பதினோரு மணி அளவில் வெளியே வந்தால் ஊரே சால்தேன்யா தின்றுகொண்டிருக்கும். உள்ளே குழம்பு நிறைத்துச் சூளையில் சுட்ட இந்தப் பலகாரம் முற்பகலுக்கு மட்டுமே உரியது. பிற்பகலில் தேடினால் கடை மூடியிருக்கும். வழக்கமாக அதில் மாட்டிறைச்சியோ கோழியோதான் இருக்கும். இறைச்சி இல்லாதது சில கடைகளில் கிடைக்கும், ஆனால் சாறு கெட்டிப்படுவதற்கு விலங்கு ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம் என்பதால் கண்டிப்பான சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

நண்பகலில் ஊர் மூடிக்கொள்கிறது. பன்னிரண்டரை அளவில் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கத் தொடங்கி, இரண்டரை மணிக்கோ மூன்று மணிக்கோதான் மறுபடி திறக்கும். அலுவலகங்களும் பல அருங்காட்சியகங்களும் அப்படியே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்வதை அங்கே யாரும் சோம்பலாகக் கருதுவதில்லை. அவசரமாக ஊர் பார்க்க வருபவர்களுக்கு எரிச்சல் தரும் இந்த இரண்டு மணி நேரம்தான், என் மதிப்பீட்டில், சுக்ரேயின் தலையாய சிறப்பு. முதல் வாரம் வெறிச்சோடிய தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் நடப்பீர்கள். இரண்டாம் வாரம் நீங்களும் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவீர்கள்.

அந்த வேளையில் வெளியே உண்பவர்களுக்கு 'அல்முவெர்ஸோ' என்னும் மதியச் சாப்பாடு உண்டு: முதலில் ஒரு பெரிய கிண்ணம் சூப், அடுத்து சோறும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் கொண்ட தட்டு, சில இடங்களில் பழச்சாறோ சிறு இனிப்போ. உள்ளே நுழையும்போதும் எழுந்து போகும்போதும் பக்கத்து மேசைக்காரர்களுக்குப் 'புவென் ப்ரோவேச்சோ' என்று சொல்வது வழக்கம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். சொல்லாதவரை முரடர் என்று எண்ணுவார்கள். சைவம் உண்பவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும், ஏனெனில் 'கார்னே' என்றால் அங்கே மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்ல வேண்டும். வேர்க்கடலை சூப் மிகச் சுவையானது, ஆனால் பெரும்பாலும் எலும்புச் சாற்றில்தான் கொதிக்கிறது. பச்சைச் சோளத்தை அரைத்துப் பாலாடைக்கட்டியோடு சோளத்தோகையில் பொதிந்த உமிந்தா, வறுத்த பலகாரங்களோடு தரும் ஊதாச் சோளக் கஞ்சியான ஆப்பி ஆகியவை பெரும்பாலும் நம்பத் தகுந்தவை. நகரத்தின் நடுவில் வெளிநாட்டினருக்கான சைவ உணவகங்களும் உள்ளன. தினமும் அங்கே போனால் செலவு ஏறும்.

அதனால்தான் சமையலறையைக் கேட்கச் சொன்னேன். மத்தியச் சந்தையில் அரிசி, மைசூர்ப் பருப்பை ஒத்த லெந்தேகா, பட்டாணி, வேர்க்கடலை, கீன்வா, எண்ணற்ற வகை உருளைக்கிழங்கு ஆகியவை எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் 2,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு மணிக்கணக்கில் வேகாது. வீட்டுக்காரரிடம் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். மலைநாட்டு வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். காரத்துக்குக் கவலையே இல்லை. சுக்ரே அமைந்துள்ள சுக்கிசாக்கா மாவட்டம் மிளகாய் விளையும் நிலம். நம் சமையலில் போர்த்துக்கீசியர் வழியாக நுழைந்த மிளகாயின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டங்கள்தான். அங்கே ஒவ்வொரு மேசையிலும் வைக்கும் யாஹ்வா என்னும் துவையல், தக்காளியையும் லோகோத்தோ மிளகாயையும் தட்டைக் கல்லில் வைத்துப் பிறை வடிவக் கல்லை ஆட்டி அரைத்தது. லோகோத்தோ குட்டித் தக்காளி போலத் தோன்றினாலும் உள்ளே கறுப்பு விதைகள் இருக்கும்; காரம் மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும்.

சந்தைக்குத் தினமும் போங்கள், ஒரே கடைக்காரரிடம் போங்கள். அங்கே வாடிக்கையாளரும் விற்பவரும் ஒருவரையொருவர் 'கசேரா' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்த உறவு ஒரு வாரத்தில் உண்டாகிவிடும். பழச்சாறு விற்கும் பெண்கள் வரிசையாக உயரமான மேடைகளில் அமர்ந்திருப்பார்கள். சீதாப்பழத்தின் உறவான சிரிமோயா, தும்போ, மரக்கூயா என்று எதைக் கேட்டாலும் கண்முன்னே அடித்துத் தருவார்கள். டம்ளர் காலியானதும் 'யாப்பா' என்று கேட்டால் மிச்சத்தைக் கொசுறாக ஊற்றுவார்கள். பாலில் அடிப்பதா தண்ணீரில் அடிப்பதா என்று கேட்கும்போது, தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்வரை பாலையே சொல்லுங்கள். இனிப்புப் பிரியராக இருந்தால் சுக்ரேயின் சாக்லேட் கடைகளுக்கு ஒதுக்கிய பணம் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். கொக்கோ அங்கே விளைவதில்லை. அமேசான் பக்கத்துத் தாழ்நிலங்களிலிருந்து வருகிறது.

மாலையில் மே 25 சதுக்கத்தில் ஊரே உலாவும். அன்றாட நடைக்கு நான் பரிந்துரைப்பது ரெக்கொலெத்தா மேடு. ஏற்றம் சற்றுக் கடினம், ஆனால் வளைவுத் தூண்களின் நிழலில் அமர்ந்தால் நகரத்தின் கூரைகள் முழுவதும் கீழே தெரியும். அதன் அருகிலேயே உள்ள பழங்குடிக் கலை அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். ஹல்க்கா மக்களின் நெசவில் செம்மையும் கருமையும் கலந்த பரப்பில் விசித்திர விலங்குகள் தலைகீழாகவும் குறுக்காகவும் நீந்துகின்றன. அருகிலுள்ள தாராபூக்கோ ஊரின் நெசவிலோ உழவும் திருவிழாவும் வரிசை வரிசையாக ஒழுங்குடன் வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபின் சந்தையில் விற்கும் இயந்திரத் துணியை வாங்க மனம் வராது. விடுதலை இல்லம், தேவாலயங்கள், மடங்களின் மொட்டைமாடிகள் ஆகியவற்றை மழை நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வார இறுதிகளில் ஊரைவிட்டு வெளியேறுவது மனத்துக்கு மாற்றம் தரும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர்பெற்ற தாராபூக்கோ ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு; மார்ச் மாதத்தில் அங்கே இருந்தால், 1816இல் ஸ்பானியப் படையை வென்றதன் நினைவாக நடக்கும் புஹ்யாய் விழாவைக் காணலாம். அவ்விழாவின் இசையும் நடனமும் 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. நகரத்தின் விளிம்பிலுள்ள கால் ஒர்க்கோ, சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது வெளிப்பட்ட பாறைச் சுவர். ஏறத்தாழ 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த டைனோசர்களின் ஆயிரக்கணக்கான அடிச்சுவடுகள், ஆண்டிஸ் எழும்பியபோது தரையோடு சேர்ந்து நிமிர்ந்துவிட்டதால், அவ்விலங்குகள் சுவரில் ஏறிச் சென்றன போலத் தோன்றும். நன்றாக நடக்கக்கூடியவர்கள் சாத்தகீலாவிலிருந்து பழைய கல்பாவிய பாதையில் இறங்கி மராகுவா பள்ளத்துக்குப் போகும் இரண்டு அல்லது மூன்று நாள் நடைப்பயணத்தை மூன்றாம் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் கால்களும் நுரையீரலும் பழகியிருக்கும், வழியில் சந்திப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசவும் முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை, 2011 முதல் நீண்ட காலம் ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ என்ற அரசு விகிதம் அசையாமல் இருந்தது. 2023இல் டாலர் தட்டுப்பாடு வந்தபின் வெளிச்சந்தை விலை அதைவிட வெகுவாக உயர்ந்தது. இது மாறிக்கொண்டே இருப்பது என்பதால், அட்டையில் எடுப்பதா நோட்டை மாற்றுவதா என்பதை நாட்டுக்குள் நுழையும் வாரத்தில் பிற பயணிகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கிழிசலோ கறையோ இல்லாத டாலர் நோட்டுகள் கையில் இருப்பது எப்படியும் நல்லது. சிறு கிழிசல் இருந்தாலும் வாங்க மறுப்பார்கள். சந்தையில் பெரிய நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்ற பதில்தான் வரும்.

சாலை மறியல் பொலிவியாவின் வாடிக்கையான போராட்ட முறை. ஆசிரியர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், விவசாயிகள் என யாருக்குக் கோரிக்கை இருந்தாலும் நெடுஞ்சாலையில் கல்லையும் மரத்தையும் போட்டு நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளில் முடியலாம், வாரக்கணக்கில் நீளவும் செய்யலாம். ஊருக்குள் இருப்பவரை அது அதிகம் பாதிக்காது, புறப்படும் நாளைத்தான் கெடுக்கும். அடுத்த ஊரில் விமானச் சீட்டு ஏதும் வாங்கியிருந்தால் பல நாள் இடைவெளி விடுங்கள். வான்வழியாகப் போக நேர்ந்தால், 2016இல் திறந்த அல்கந்தாரி விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பதை நினைவில் கொள்க.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம், வானம் தெளிந்திருக்கும், இரவுகள் கடுங்குளிர். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. எனக்கு ஏப்ரலும் மே மாதத் தொடக்கமும் பிடிக்கும். மலைகள் பச்சையாகவும் இரவுகள் தாங்கக்கூடியவையாகவும் இருக்கும். கடல் வேண்டுபவர்களுக்கும், இரவு விடியும்வரை ஆட்டம் பாட்டம் வேண்டுபவர்களுக்கும், நாள் முழுவதும் தடையற்ற அதிவேக இணையம் தேவைப்படும் வேலை உள்ளவர்களுக்கும் இந்த ஊரை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கொலம்பியாவின் மெதெயினுக்குப் போகட்டும்.

நுழையும்போது கடவுச்சீட்டில் எத்தனை நாள் எழுதுகிறார்கள் என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் முப்பது நாள்தான் தருவார்கள். வழியில் லா பாஸில் கழிந்த நாள்களும் அதில் அடங்கும். சுக்ரேயிலேயே குடிவரவு அலுவலகம் இருக்கிறது. கெடு முடிவதற்குள் போய் நீட்டித்துக்கொள்ள வேண்டும், தவறினால் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு. அர்ஜென்டினாவுக்குத் தரைவழியாகப் போக, பேருந்தில் மூன்று மணி நேர தூரத்திலுள்ள பொத்தோசிக்கு ஏறி, அங்கிருந்து துபீசா வழியாக வியாசோன் எல்லைக்கு இறங்குவது வழக்கமான பாதை. பொத்தோசி சுக்ரேயைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் என்பதால், போன அன்றே சுரங்கத்துக்குள் நுழையாமல் ஓர் இரவு உறங்கிவிட்டுப் பாருங்கள். வியாசோனில் பாலத்தை நடந்தே கடந்தால் அர்ஜென்டினாவின் லா கியாக்கா. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைப் பேருந்துச் சீட்டு வாங்குவதற்கு முன் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.